எட்டுப் பேர் நாடியும் இரண்டு கையெழுத்தும்

தேவபிரசாதத்தைப் போல ஒரு வீம்புக்காரனை நான் பார்த்ததில்லை. நாசரேத்துக்காரன். கல்கத்தாவில் புள்ளியியல் படித்துவிட்டு 1946இல் தூத்துக்குடித் துறைமுகத்தில் எங்கள் நிலக்கரிக் கம்பெனிக்கு வந்தான். அடுத்த மேசையில் நான்.

கரி சுமக்கும் பெண்களுக்குப் பெரிய கூடை கொடுத்தால் களைப்பு கூடுமா என்று துரை கேட்டார். எட்டுப் பெண்களைச் சிறிசு, நடுத்தரம், பெரிசு என்று நாளுக்கொரு கூடை சுமக்கவைத்து, பத்தாம் நடை முடிந்ததும் இவன் நாடி பிடித்து எண்ணினான். நடுக்கூடையைவிடப் பெரிய கூடைக்குச் சராசரியாகப் பதினொரு துடிப்பு அதிகம். மூன்று கூடையின் ஏற்ற இறக்கத்தையும் ஒன்றாய்ச் சேர்த்து ஒரே எரர், அதாவது தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசத்தின் அளவு, எடுத்தான். அதன் முன்னால் பதினொன்று ஒன்றுமில்லை என்று வந்தது. ‘வித்தியாசம் இல்லை’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். திங்கட்கிழமை முதல் எல்லாருக்கும் பெரிய கூடை என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை, தாளையே வெறித்துக்கொண்டிருந்தவன் சட்டென்று என் கையைப் பிடித்தான்.

“அண்ணாச்சி, கெடுத்துட்டேன். சின்னக் கூடையில கொஞ்சம் பேரு ஓடியிருக்காளுவ, கொஞ்சம் பேரு பேசிக்கிட்டே நடந்திருக்காளுவ. அந்த நாடிதான் தாறுமாறு. அத எதுக்கு நடுக்கூடைக்கும் பெரிசுக்கும் நடுவுல இழுத்தேன்? ஒவ்வொருத்திக்கும் பெரிசுல கூடுனத மட்டும் பாருங்க. பத்து, பன்னெண்டு, ஒம்பது, பதிமூணு... ஒருத்திக்குக்கூடக் குறையல. இந்த ஒப்பீட்டுக்கு இதோட சொந்த எரரத்தான் போட்டிருக்கணும்.”

“ஏலே, வேலை போயிரும். சும்மா இருலே” என்றேன். பயம்தான், ஒளிப்பானேன்!

கேட்கவில்லை. ‘வித்தியாசம் உண்டு’ என்று இன்னொரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, துரையின் அறைக்குள் போனான். கதவு திறந்தே கிடந்தது.

“ரெண்டு தாளிலும் உன் கையெழுத்து. எதை நம்ப?” என்றார் துரை.

“ரெண்டாவது சார். முதலாவது என் தப்பு.”

துரை நோட்டீஸைக் கிழிக்கச் சொன்னார். கையோடு இவனையும் வேலையைவிட்டு நீக்கினார்.

வாசலில் சுடலைமாடத்தி நின்றாள், அந்த எட்டுப் பேரில் ஒருத்தி. பெரிய கூடை இல்லை என்று சொல்லி, கணக்கையும் விளக்கினான்.

“இதத்தான அய்யா, நாடி புடிக்கையிலேயே எட்டு பேரும் சொன்னோம், பெரிசு நெஞ்ச அடைக்குன்னு. எழுதலையா?”

நாடி எழுதிய தாளில் அவர்கள் சொன்னதை எழுதக் கட்டமே கிடையாது. கட்டம் போட்டுக் கொடுத்தவன் நான்.