சங்கரா மீனும் விலக்குச் சான்றும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் கதவைத் தட்டி, ஒரு கிலோ சங்கரா மீனைச் சும்மா நீட்டினால் உங்களுக்கு என்ன தோன்றும்? எனக்கு, இவனுக்கு என்ன வேண்டுமாம் என்றுதான் தோன்றும். என் மனைவி சொல்வாள், கோயில் பிரசாதத்தைக் கொடுத்தால்கூட நீங்கள் மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவீர்கள் என்று. பொய் இல்லை.

எனக்குத் துறைமுகத்தில் பைலட் வேலை. குரோம்பேட்டை பக்கம் நாங்கள் குடியிருக்கும் அஸ்தினாபுரத்தில் பாதிப் பேர் நான் விமானம் ஓட்டுவதாக இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நான் திருத்துவதில்லை. கடலில் காத்திருக்கும் கப்பலில் கயிற்று ஏணி பிடித்து ஏறி, கேப்டன் பக்கத்தில் நின்று, இடம் வலம் சொல்லி உள்ளே கொண்டுவந்து கட்டுவது என் பிழைப்பு. எங்கள் துறைமுகத்தில் பைலட் இல்லாமல் எந்தக் கப்பலும் வாசலைத் தாண்டக் கூடாது என்றுதான் இருந்தது.

அதில் ஓட்டை போட்டு ஒரு சர்க்குலர் வந்தது. அடிக்கடி வந்துபோகும் சின்னக் கப்பல்களுக்கு இனி பைலட் கட்டாயமில்லை. கப்பலின் கேப்டன் பத்து முறை பைலட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தானே உள்ளே கொண்டுவந்து காட்டினால் போதும். விலக்குச் சான்று கொடுத்துவிடுவார்கள். அந்தப் பத்து முறையும் பைலட் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு முறை திறந்தாலும் பழையது எல்லாம் செல்லாது, மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பம்.

எங்களுக்கு வயிறு எரிந்தது. இன்றைக்குச் சின்னக் கப்பல் என்பார்கள், நாளைக்குக் கொஞ்சம் பெரிய கப்பல் என்பார்கள், அப்புறம் நாங்கள் வீட்டில் உட்கார்ந்து சீரியல் பார்க்க வேண்டியதுதான். இதற்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று குரோம்பேட்டையிலிருந்து பீச் ஸ்டேஷன் வரை ரயிலில் யோசித்துக்கொண்டே போவேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் அடுக்குமாடியின் மூன்றாவது மாடிக்கு அந்தக் கேப்டன் குடிவந்தார். நாற்பது வயதுகூட இருக்காது. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஒரு மீனவர் குப்பத்தில் பிறந்து, படிப்படியாகப் பரீட்சை எழுதிக் கேப்டன் ஆனவர். வெளியே நிற்கும் பெரிய கப்பல்களுக்கு எண்ணெய் கொண்டுபோய்க் கொடுக்கும் சின்ன டேங்கர் அவருடையது. மாதத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை வாசலைத் தாண்டுவார். விலக்குச் சான்றுக்கு விண்ணப்பித்திருந்தார்.

குடிவந்த மறுவாரமே மீன் வந்தது. அண்ணன் படகில் வந்ததாம். நான் பையை வாங்கி, மீனைப் பார்த்தேன், அவர் முகத்தைப் பார்த்தேன், மறுபடி மீனைப் பார்த்தேன். அடுத்த ஞாயிறு நெத்திலி. அதற்கடுத்த ஞாயிறு வஞ்சிரம். மீன் பெரிதாகப் பெரிதாக என் சந்தேகமும் பெரிதானது. சாப்பிடாமல் இருந்தேனா என்று கேட்காதீர்கள். குழம்பு அவ்வளவு நன்றாக இருந்தது.

மாதத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் கணக்கில் சேர்ப்பார்கள் என்பதால், நாலு மாதத்தில் அவர் ஒன்பது முறை முடித்தார். வேறு வேறு பைலட்டுகள் கையெழுத்துப் போட்டார்கள். பத்தாவது முறை என் தலையில் விழுந்தது. அவருடைய கம்பெனியும் சொல்லிவிட்டதாம், மாதக் கடைசிக்குள் சான்று கிடைக்காவிட்டால் சான்று வைத்திருக்கும் வேறு கேப்டனைப் போட்டுக்கொள்வோம் என்று. பைலட்டுக்காகக் காத்திருக்கும் நேரம் அவர்களுக்குக் கசக்கிறது. அவர் வேலை என் கையெழுத்தில் தொங்கியது. சரி, இதற்குத்தான் வஞ்சிரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அது ஒரு வியாழக்கிழமை, நல்ல வெயில். கடலில் வடக்குப் பார்த்து நீரோட்டம். அவர் நின்றார், நான் பின்னால் நின்றேன், சுக்கான் பிடிப்பவர் முன்னால் நின்றார். வாசல் நெருங்கியது. திருப்ப வேண்டிய இடம் வந்தது. இவர் திருப்பவில்லை. எனக்குக் கை அரித்தது. இவனுக்கு நீரோட்டம் தெரியவில்லை, ஒன்பது பேரும் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்த நினைப்பிலேயே வாய் திறந்துவிட்டது.

"ஸ்டார்போர்ட் டென்."

சுக்கான் பிடிப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பைலட் குரல் கேட்டால் யோசிக்க மாட்டார்கள். அவர் கை உடனே வலது பக்கம் திருப்பியது. எனக்கும் ஒரு பழக்கம். இருபது வருடமாகப் பெரிய கப்பல்கள். அவை பாரத்தில் மெதுவாகத்தான் திரும்பும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுவோம். இது சின்னது. சொன்ன மாத்திரத்தில் திரும்பிவிட்டது. மூக்கு நேரே அலைதடுப்புச் சுவரின் பாறைகளைப் பார்த்தது.

கேப்டன் சத்தம் போடவில்லை. "போர்ட் டுவென்டி," என்றார். சுக்கான் பிடிப்பவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கேப்டன் அவர் தோளில் கை வைத்து மறுபடி அதையே சொன்னார். கப்பல் இடது பக்கம் வந்தது. பாறையில் உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்களின் முகம்கூடத் தெரிந்தது. தாண்டிவிட்டோம். உள்ளே போய் அவரே கட்டினார்.

படிவத்தில் ஒரு கேள்வி: பைலட் குறுக்கிட்டாரா? ஆம் என்று எழுதினேன். காரணம்? பாதுகாப்பு கருதி. அவ்வளவுதான் எழுதினேன். என் உத்தரவு தப்பு, அவர்தான் கப்பலைக் காப்பாற்றினார் என்று எழுதவில்லை. அவன் என்னைப் பற்றி மேலே எழுதுவான், அதற்கு முன்னால் நான் எழுதிவிட வேண்டும் என்றுதான் புத்தி போனது.

அந்த ஞாயிறும் கதவு தட்டப்பட்டது. மறுபடியும் சங்கரா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மிரட்ட வந்திருக்கிறானா? அவர் ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். மனைவியிடம், இவன் இன்னும் எதை எதிர்பார்க்கிறான் என்றேன்.

"ஏங்க, அவர் எல்லா வீட்டுக்கும்தான் குடுக்கறார். கீழே அயர்ன் வண்டிக்காரர் வீட்டுக்கும் போகுது. அயர்ன்காரருக்கு என்ன கப்பலா இருக்கு?"

நாலு மாதமாக எனக்கு இது தெரியாது. பையை வாங்கியதும் கதவைச் சாத்திவிடுவேன்.

திங்கட்கிழமை மெரைன் ஆபீசுக்குப் போய், படிவத்தைத் திருத்த வேண்டும் என்றேன். அங்கே இருந்த பெண் கோப்பைப் பிரித்து என்னை விசித்திரமாகப் பார்த்தார். என் படிவத்தோடு கேப்டனின் வாக்குமூலமும் இருந்தது. பைலட் குறுக்கிட்டது சரியே, கவனக்குறைவு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அவரே தப்பை ஒப்புக்கொண்டபின் உங்களுக்கு என்ன சார் கவலை என்று கேட்டார் அந்தப் பெண்.

சாயங்காலம் மூன்றாவது மாடிக்கு ஏறினேன். தப்பு உத்தரவு என்னுடையது, கப்பலைக் காப்பாற்றியது அவர் என்று நான் எழுதிய திருத்தக் கடிதத்தை நீட்டினேன். அவர் அதை இரண்டு தடவை படித்தார். பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். நீங்கள் ஏன் அப்படி எழுதிக் கொடுத்தீர்கள், தம்பி, என்றேன்.

"நீங்க அப்படித்தான் எழுதுவீங்கன்னு தெரியும் சார். நான் வேற மாதிரி எழுதினா விசாரணை வைப்பாங்க. பைலட் பேச்சைத்தான் நம்புவாங்க. என் லைசென்சே போயிடும். அதான் உங்க பொய்யையே நானும் எழுதிட்டேன்."

என்னை மதித்துச் செய்திருப்பார் என்று படியேறும்போது நினைத்திருந்தேன். வெட்கமாகப் போய்விட்டது. நான் எழுதுவேன் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நாலு மாசமா மீன் வாங்கறப்போ உங்க மூஞ்சியப் பாத்துகினு கீறேன் சார்," என்றார். கோபமே இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

என் கடிதத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்ட பிறகுதான் தன் பழைய வாக்குமூலத்தை வாபஸ் வாங்கிக் கையெழுத்துப் போட்டார். நான் அதைக் குறை சொல்ல முடியாது. சுக்கான் பிடித்தவரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. தப்பு என்னுடையது என்பதால் அந்தப் பத்தாவது முறையும் செல்லும் என்று எடுத்துக்கொண்டார்கள், மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால் அவருக்குச் சான்று கிடைத்தது. இப்போது பைலட் இல்லாமல்தான் வருகிறார், போகிறார்.

மீன் இன்னும் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை கதவு தட்டும் சத்தம் கேட்டால் நான் எழுந்து உள்ளறைக்குப் போய்விடுகிறேன். மனைவிதான் வாங்குகிறாள்.