மீன் முத்திரை ஓடு

பைக்கில் போகும்போது எங்காவது வீடு இடிப்பதைக் கண்டால் நான் வண்டியை நிறுத்திவிடுவேன். பின்னால் உட்கார்ந்திருக்கும் நீங்கள் இருவரும் முனகுவீர்கள். "அப்பா திரும்பவும் ஓடு பொறுக்கப் போறாக" என்பாள் மூத்தவள். நான் உள்ளே போய் ஓர் ஓட்டைத் திருப்பிப் பார்ப்பேன். பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்பி வருவேன். எதற்கு என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் "சும்மாதான்" என்று சொல்லியிருக்கிறேன். சும்மா இல்லை. அதை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நம் வீட்டின் மேல் முன்பு நாட்டு ஓடு இருந்தது. குரங்குகள் ஓடியதில் பாதி உடைந்துபோயிற்று. ஓடு தாங்கும் ரீப்பர் கட்டைகளைக் கரையான் தின்றுவிட்டது. ஒரு மத்தியானம் சின்னவன் தூங்கிக்கொண்டிருந்த பாயின் தலைமாட்டில் இரண்டு ஓடுகள் விழுந்தன. அவன் விழிக்கக்கூட இல்லை. உங்கள் அம்மா பாயோடு சேர்த்து அவனை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கூரையை மாற்றியே ஆகவேண்டும் என்று அன்றைக்கே முடிவானது.

முதலில் காங்கிரீட் போடலாம் என்று ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்தேன். அவர் சுவரை விரலால் சுரண்டினார். மண் உதிர்ந்தது.

"இது மேல காங்கிரீட் ஏத்துனா செவரு ஒக்காந்துரும்ணே. அஸ்திவாரத்துலருந்து வரணும்" என்று சொல்லி ஒரு தொகையையும் சொன்னார். அவருக்கு மோர் கொண்டுவர உள்ளே போன அம்மா வெளியே வரவே இல்லை.

அவர் போன பிறகு வந்து, "தகரம் போட்ருவோங்க. ஊருல பாதிப்பேரு அதுக்குக் கீழதான இருக்காக" என்றாள்.

"சித்திரை வெயில்ல பிள்ளைக வெந்துரும்" என்றேன். பிடிவாதமாகச் சொன்னேன். அந்தப் பேச்சு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

புதிதாகக் கம்பெனிச் சீமை ஓடு வாங்கக் கையில் இருந்தது போதாது. கீழச்சிவல்பட்டியில் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். இடித்த சாமான் விற்பவர், "நூறு வருசத்து மழையப் பாத்த ஓடுண்ணே. ஒங்க வீட்டு மழையெல்லாம் அதுக்குத் தூத்தல்" என்றார். பேரம் பேசினேன். கேட்ட விலைக்கு அவர் படிந்ததும் எனக்கு ஒரே பெருமை. அங்கே கொஞ்சம் குறைந்ததால், நேமத்தான்பட்டியில் இடித்த இன்னொரு வீட்டு ஓட்டைப் போட்டு லோடை நிரப்பிக் கொடுத்தார். நானும் சரி என்றேன்.

நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். ஒரே காயிலில் தடிமன் வேறான இரண்டு கேஜ் கம்பி சுற்றினால் எரிந்துபோகும் என்று தெரிந்தவன். ஆனால் ஓட்டைத் திருப்பிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

பழைய ஓட்டையெல்லாம் இறக்கி, வீட்டின் மேல் தார்ப்பாய் விரித்திருந்தோம். புரட்டாசி முடியப் போகிறது. ஓடு போட வந்த பெரியவர் இரண்டு வரிசை போட்டதும் மேலேயிருந்து கூப்பிட்டார்.

"தம்பி, இங்குட்டு வாங்க. சண்டக்காரச் சம்பந்திக ரெண்டு பேர ஒரே பாயில ஒக்கார வச்சிருக்கீக."

ஒன்றின் பின்புறத்தில் மீன் முத்திரை. மற்றதில் வெறும் எழுத்துகள்தான். இரண்டும் வேறு வேறு கம்பெனி. ஓர் ஓட்டின் பள்ளத்தில் அடுத்த ஓட்டின் விளிம்பு உட்கார வேண்டும். இவை உட்காரவில்லை, நடுவில் விரல் நுழைந்தது. விற்றவருக்குப் போன் செய்தேன். "எறக்குன ஓட்டத் திரும்ப ஏத்துற வழக்கமில்லண்ணே" என்று வைத்துவிட்டார்.

அம்மா ஓட்டைக் கையில் வைத்துப் பார்த்தாள். "கம்பி ஒரு நூலு பெருத்திருந்தாலும் கடைக்காரன்ட்ட சண்டைக்குப் போவீக" என்று மட்டும் சொன்னாள்.

பெரியவர்தான் வழி சொன்னார். முன்சரிவு முழுக்க எழுத்து ஓடு, பின்சரிவு முழுக்க மீன் ஓடு, நடுவில் முகடு. எழுத்து ஓடு சரியாக இருந்தது. மீன் ஓடு நாம் படுக்கிற அறையோடு தீர்ந்துவிட்டது. அந்தச் சரிவு அப்படியே இறங்கி அடுப்படியையும் மூட வேண்டும். அடுப்படி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. கூலிக்கே கடன் வாங்கியிருந்தேன்.

"அடுப்படிக்குத் தகரம் போதும்" என்றாள் அம்மா. "பிள்ளைக படுக்கிற எடத்துல ஓடு இருக்குல்ல, அது போதும்."

நான் மறுத்துப் பேசியிருக்க வேண்டும். "ஒரு வெயிலுக்கு மட்டும் பொறுத்துக்க" என்றேன். அதைச் சொல்லி நாலு வெயில் போய்விட்டது. அந்த முதல் வெயிலுக்குப் பிறகு ஒரு வருடம் பள்ளிக்கூடச் செலவு, ஒரு வருடம் என் கை ஒடிந்தது, ஒரு வருடம் காரணம்கூட ஞாபகமில்லை.

"அம்மாவுக்குத் தூக்கமே வராதா?" என்று சின்னவன் ஒரு நாள் கேட்டான். வரும். மற்றவர்களைவிட அதிகமாகவே வரும். பத்து மணிக்கு மேல் அந்தத் தகரத்துக்குக் கீழே நிற்க முடியாது என்பதால்தான் நாலரை மணிக்கு எழுந்து மத்தியானத்துக்கும் சேர்த்துச் சோறு வடித்துவிடுகிறாள். நாம் ஆறிய சோறு தின்பதும் அதனால்தான். அவள் கழுத்தில் மாசியில் வரும் வேர்க்குரு ஆடியில்தான் போகிறது. பிள்ளைகள் வேகக்கூடாது என்று சொன்ன எனக்கு அவளையும் சேர்த்துச் சொல்லத் தோன்றவில்லை.

இடிக்கிற வீடுகளில் நான் தேடுவது அந்த மீனைத்தான். பத்து வீடு பார்த்தால் ஒன்றில் இருக்கும். அதிலும் முழுசாகக் கிடைப்பது பத்தோ பதினைந்தோதான். பின்சுவரோரம் அடுக்கி வைத்து, ஏறி விளையாடாதீர்கள் என்று நான் கத்துவேனே, அவைதான்.

போன வாரம் திருப்பத்தூர் ரோட்டில் கொஞ்சம் கிடைத்தது. பெரியவர் வந்து பார்த்துவிட்டு, முழுசுக்கும் பத்தாது, அடுப்புக்கு நேர் மேலே பாதியைப் போடலாம் என்றார். அம்மாவிடம் சொன்னேன்.

"பாதி போட்டா பாதித் தூக்கமாச்சும் வருமா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போடுகிறோம். பெரியவருக்கு முன்போல் ஏற முடியாது, அதனால் நான் மேலே இருப்பேன். அவர் கீழே நின்று சொல்வார். நீங்கள் இருவரும் ஓட்டை ஒவ்வொன்றாக எடுத்துத் தர வேண்டும். அவசரம் வேண்டாம். மீன் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.