அப்பாவை எடுத்துப்போன பாதை

மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்தில் ராஜாங்கத்தின் வீம்பு பேர்போனது. மோட்டார் தண்ணீரில் வந்த ஒரு வாய்த்தகராறுக்காக, தன் வயலை ஒட்டிப் போன வண்டிப் பாதையை முள் வைத்து அடைத்துவிட்டார் மனுஷன். பாதைக்கு அந்தப்புறம், முறைக்கு மருமகனான கொளஞ்சியப்பனின் கரும்பு. டிராக்டர் உள்ளே போகாவிட்டால் அத்தனையும் நின்ற இடத்திலேயே காய்ந்துபோகும்.

கொளஞ்சியப்பன் முன்சீப் கோர்ட்டுக்குப் போனான். அங்கே பாதை என்று ஒன்று இருந்ததே கிடையாது என்று ராஜாங்கம் வக்கீலை வைத்து எழுதிக் கொடுத்தார். சாட்சி, விசாரணை என்று இழுத்தடித்தால் அதற்குள் கரும்பு சுள்ளியாகிவிடும். அவர் போட்ட கணக்கு அதுதான்.

விசாரணைக்கு நாள் குறிக்குமுன் நீதிபதி அம்மா இருவரையும் நேரில் கூப்பிட்டுக் கேட்டார். நிலம் அப்பா வழி வந்தது, அவர் போன தையில் தவறிவிட்டார், சுடுகாடு கொளஞ்சியப்பன் நிலத்தைத் தாண்டி ஆற்றங்கரையில் என்றெல்லாம் ராஜாங்கம் ஒழுங்காகத்தான் சொல்லி வந்தார். அப்படியானால் பாடையை வரப்பு மேலேயா தூக்கிப் போனீர்கள் என்று நீதிபதி கேட்டதும் அவருக்குச் சுருக்கென்றது.

"வரப்பு மேலயா? எங்கப்பாவ வண்டிப் பாதையிலதாங்க எடுத்துக்கினு போனோம். பூப்பல்லக்கு, மோளம், ஊரே பின்னால வந்துச்சு."

சொன்ன பிறகுதான் உறைத்தது. கொளஞ்சியப்பன் வண்டியும் காலங்காலமாக அதில்தானே போகும் என்ற அடுத்த கேள்விக்குத் தலையாட்டுவதைத் தவிர வழியில்லை. பிரதிவாதியே ஒப்புக்கொண்ட பிறகு விசாரணை எதற்கு என்று நீதிபதி முள்ளை எடுக்கச் சொல்லித் தீர்ப்புக் கொடுத்துவிட்டார்.

வெளியே வந்த ராஜாங்கம் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்தே நின்றார். அருகில் வந்த கொளஞ்சியப்பன், அன்று பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்தவன். இவ்வளவும் தெரிந்தவன் வழக்கில் ஏன் எழுதவில்லை என்று அவர் முனகினார்.

"வக்கீல் எழுதலாம்னுதான் சொன்னாரு மாமா. நாந்தான் வேணான்னுட்டேன். பெரியவரு சாவப் போயி கோர்ட்டுல இன்னாத்துக்கு இழுக்கறது?"

ராஜாங்கத்தை அவமானம் பிடுங்கித் தின்றது. ஊர் பஸ் வந்ததும் கொளஞ்சியப்பன் முண்டியடித்து ஏறி, பக்கத்து சீட்டில் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, ஜன்னல் வழியே மாமாவைக் கூப்பிட்டான். கொஞ்சம் வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு, ராஜாங்கம் பஸ்ஸுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.