சலங்கை கட்டிய வளையம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். அதோடு, ஊரில் இந்தக் கதை வேறு மாதிரி உலவுகிறது. மறுத்துப் பேசினால் விசுவாசம் இல்லாதவள் என்பார்களோ என்று பயம். கர்த்தர் பொய்யை விரும்புகிறவர் அல்ல என்ற தைரியத்தில்தான் இப்போது எழுதுகிறேன்.

அறுபதுகளில் விஸ்வநத்தத்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரரின் தங்கைக்குப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து பற்றியதில் இரண்டு கண்ணும் போய்விட்டது. அதற்கு முன், ஈஸ்டருக்கு மறுநாள் சர்ச் பெண்கள் ஆடும் வளைய ஆட்டத்தில் அவளை ஜெயிக்க ஆள் கிடையாது. வலைக்கு மேலே எறிகிற வளையத்தைத் தரையில் விடாமல் பிடிக்க வேண்டும். கண் போன பிறகு ஒரு நாள், தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"மதினி, இந்த ஈஸ்டருக்கு நானும் ஆடணும்."

"எப்படிட்டி பிடிப்பே?"

"சத்தம் வர்ற மாதிரி ஒண்ணு செஞ்சு தாங்க. காது நல்லாத்தான இருக்கு?"

ஜெபம் பண்ணிவிட்டு உட்கார்ந்தேன். பழைய சைக்கிள் டியூபை வெட்டி, கிழிந்த சேலையைத் திணித்து, வட்டமாகத் தைத்தேன். சத்தத்துக்காகக் கூழாங்கல் போட்ட தகர டப்பாக்களைக் கட்டினேன். முதல் எறியிலேயே அது கல்லில் விழுந்து வெடி மாதிரி டமாரென்றது. அவள் காதைப் பொத்திக்கொண்டு அப்படியே குப்புறச் சுருண்டுவிட்டாள். சத்தம் வர வேண்டும் என்று நினைத்தேனே தவிர, என்ன சத்தம் என்று நான் நினைக்கவே இல்லை.

"போதும். அவளை நிம்மதியா இருக்க விடு" என்றார் வீட்டுக்காரர்.

அவளோ எழுந்து உட்கார்ந்தாள். "நீங்க சும்மா இருங்கண்ணே. மதினி, தகரம் வேண்டாம். வேற ஏதாச்சும் கட்டுங்க."

பக்கத்து வீட்டுக்காரி தன் ஆட்டின் கழுத்தில் கிடந்த பழைய சலங்கைகளைக் கொண்டுவந்தாள். கோயிலுக்கு நேர்ந்த கிடாவுடையதோ என்று நான் தயங்கியதைக் கண்டுகொண்டாள்.

"ஆட்டுக்குக் கோயிலும் தெரியாது, வேதமும் தெரியாதுக்கா. வாங்கிக்கோங்க" என்று சிரித்தாள்.

சலங்கைகளை வளையத்தைச் சுற்றித் தைத்தேன். கட்டிலிலிருந்து அவிழ்த்த பழைய கயிற்றை எல்லைக்கோடாக இழுத்து முளையடித்தேன். வெறுங்காலில் மிதித்தால் தெரியும். பெட்டி ஒட்டி முடித்ததும் தினமும் எறிவோம். நெற்றியில் படும், மூக்கில் படும். நான் மெதுவாக எறிந்தால் அவளுக்குக் கோபம் வரும்.

"பச்சைப்பிள்ளைக்கு எறியுற மாதிரி எறியாதீக!"

ஈஸ்டருக்கு மறுநாள், சலங்கை கேட்க வேண்டுமே என்று பெண்கள் எல்லாரும் வாயை மூடி நின்றார்கள். நிறைய விட்டாள். பிறகு ஒன்றை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். இன்னும் சிலதும் பிடித்தாள். ஆட்டத்தில் தோற்றாள்.

"அடுத்த வருஷம் பாருங்கட்டி!" என்றாள்.

அதன்பின்தான், அவள் வளையம் பிடித்ததை வைத்து, ஜெபத்தில் அவளுக்குப் பார்வை திரும்பியது என்று சர்ச்காரர்கள் கூட்டங்களில் சாட்சி சொல்ல ஆரம்பித்தார்கள். அதைக் கேட்டு அவள் கொதித்தாள். "அப்ப என் மூக்கு வீங்கினதெல்லாம் எதுக்காம்?"

பார்வை வரவில்லை. கர்த்தர் அவளுக்குப் பிடிவாதத்தைக் கொடுத்தார். எனக்கு அதுவே போதுமான சாட்சி. இதை யாருக்காவது சொல்வீர்களானால் இப்படியே சொல்லுங்கள். அவள் கண்ணைத் திறந்துவிட வேண்டாம். கண் தெரியாமல்தான் பிடித்தாள்.