ஜெகதாம்பாள் நகையை அடகு வைத்த கதை

ஜெகதாம்பாள் வீட்டில் பணம் தங்காததற்குக் காரணம் வருமானம் அல்ல, புருஷனின் வாய். ஆனந்தனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. சொந்தத்தில் யாராவது வந்து கைமாற்றுக் கேட்டால் 'இல்லை' என்ற சொல் மட்டும் அவனுக்கு வராது. தொண்டையைச் செருமுவான், ஃபேனைப் பார்ப்பான், கடைசியில் "இரு, அவகிட்ட கேக்கறேன்" என்பான். கொடுத்தாயிற்று என்று அர்த்தம்.

அதனால்தான் சேமிப்பை அவள் தங்கமாக மாற்றினாள். கொரட்டூரில் படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களைக் குளிப்பாட்டி, புண்ணுக்கு மருந்து போட்டு, வேளைக்கு மாத்திரை கொடுக்கும் வேலை அவளுடையது. அந்தச் சம்பளத்திலும் ஆனந்தன் சம்பளத்திலும் வீடு ஓடும். தீபாவளி போனஸ் மட்டும் அப்படியே நகைக்கடைக்குப் போகும். இப்படிப் பல வருஷமாகச் சேர்ந்தது ஏழு சவரன். அது திருநின்றவூரில் அரை கிரவுண்ட் மனைக்கு முன்பணம். மிச்சத்துக்கு ஆனந்தனின் பி.எஃப். மழைக்கு மழை ஏரித் தண்ணீர் வாசலில் எட்டிப் பார்க்கும் வாடகை வீட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை.

ஆனால் தங்கத்துக்கும் கால் முளைத்தது. பணம் பெயராது என்று தெரிந்த சொந்தக்காரர்கள் நகையைக் கேட்க ஆரம்பித்தார்கள். தொடங்கி வைத்தவள் ஆனந்தனின் தங்கை ரேணுகா, பூந்தமல்லிக்காரி. அவள் புருஷன் கோபிக்கு மாதத்துக்கு ஒரு தொழில் தோன்றும். இளநீர் வண்டி, வண்ணமீன், கல்யாணத்துக்கு வாடகை விளக்கு.

"ரெண்டே மாசம் அண்ணி. அடகு வெச்சிட்டு மூட்டுத் தந்துர்றேன்" என்று அழுதுகொண்டே அவள் வாங்கிப்போன சங்கிலி ஒன்றரை வருஷம் கழித்து வந்தது. வட்டியைக் கட்டியவள் ஜெகதாம்பாள்.

அடுத்து ஆனந்தனின் பெரியப்பா மகன் வந்து வளையலைக் கேட்டார்.

லாக்கரில் வைக்கலாமா என்று யோசித்துப் பார்த்தாள். பிரயோசனமில்லை. 'லாக்கர்ல கீது' என்றால் 'எடுத்துக் குடு' என்பார்கள். 'அடகுல கீது' என்றால் பேச்சு அதோடு முடியும். காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

ஏழு சவரனையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு பேங்குக்குப் போனாள். மதிப்புப் பார்ப்பவர் உரசி, எடை போட்டு நிமிர்ந்தார்.

"மூணு லட்சத்துக்கு மேலயே வரும்மா. எவ்ளோ வேணும்?"

"பத்தாயிரம் சார்."

"பத்தாயிரத்துக்கு ஒரு மோதிரம் போதுமேம்மா!"

"மோதிரத்த மட்டும் வெச்சா மீதிய ஆரு சார் பாத்துக்குவாங்க?"

அவர் பத்தாயிரத்துக்கே ரசீது எழுதினார். வாங்கிய பத்தாயிரத்தை அவள் அடுத்த கவுன்டரிலேயே டெபாசிட் போட்டாள். டெபாசிட்டுக்கு வரும் வட்டியைக் கடனுக்குக் கட்டும் வட்டியில் கழித்தால், கைவிட்டுப் போவது லாக்கர் வாடகையைவிடக் குறைவு.

அன்று சாயங்காலம் ஆனந்தனை உட்காரவைத்துச் சொன்னாள். "எவன் கேட்டாலும் அடகுல கீதுன்னு சொல்லு. பொய்யில்ல, நெசமாவே அடகுலதான் கீது. எவ்ளோவுக்குன்னு மட்டும் வாயத் தொறக்காத."

ஆனந்தனுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக 'இல்லை' என்று சொல்ல ஒரு வழி கிடைத்தது. கேட்டவர்களிடம் சொன்னான். கேட்காதவர்களிடமும் சொன்னான். பஸ் ஸ்டாண்டில் நின்று சொன்னான். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

வளையல் கேட்ட பெரியப்பா மகன் அரை மூட்டை அரிசியோடு வந்து நின்றார். "கஷ்டத்த சொல்லவே இல்லியேம்மா" என்றார். வீட்டுக்காரம்மா, வாடகையை மெதுவாகக் கொடுத்தால் போதும் என்றாள். அரிசியைத் திருப்பி அனுப்பினால் காரணம் சொல்ல வேண்டும். பொங்கிச் சாப்பிட்டார்கள். நல்ல அரிசி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரேணுகா வந்தாள். மெட்ரோ வேலைக்காக ரோட்டைத் திருப்பிவிட்டிருந்ததில் பாதி ஊரைச் சுற்றி வந்த களைப்பு. உட்காராமலே மஞ்சப்பையை அண்ணி மடியில் வைத்தாள்.

"ஏலச்சீட்டு எடுத்துட்டேன் அண்ணி. ஏலத்துல தள்ளுனது போக கையில அறுவதாயிரம். நாளிக்கே போயி நகைய மூட்டுகினு வா."

ஜெகதாம்பாள் பையைத் திருப்பி நீட்டினாள். "வாணாம் ரேணுகா. நாங்க பாத்துக்கறோம்."

"எத்தினி வாட்டி உன்னாண்ட வாங்கிகீறேன்! ஒருவாட்டி செய்ய வுடேன். எவ்ளோ கடன், அத்த சொல்லு."

"அது கீது கொஞ்சம்."

"கொஞ்சம்னா?" ரேணுகாவின் குரல் உடைந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தங்கச்சி அழுதால் ஆனந்தன் தாங்கமாட்டான். "அழாதம்மா. பத்தாயிரந்தான்" என்றான்.

ஜெகதாம்பாள் அவனைப் பார்த்தாள். அவன் ஃபேனைப் பார்த்தான்.

பாதி வாழ்க்கையை அடகுக் கடை வாசலில் கழித்தவள் ரேணுகா. அழுகை சட்டென்று நின்றது. "ஏழு சவரனுக்குப் பத்தாயிரமா? திருட்டு நகைக்குக் கூட இதுக்கு மேல குடுப்பானே!" அண்ணியின் முகத்தைக் கொஞ்ச நேரம் படித்தாள். "ஆருக்குப் பயந்து இப்டி செஞ்சே?"

ஒட்டின பிளாஸ்திரியை மெல்ல மெல்ல உரித்தால்தான் அதிகம் வலிக்கும் என்பது ஜெகதாம்பாளுக்குத் தொழிலில் தெரிந்தது. ஒரே இழுப்பாக இழுத்தாள்.

"உனக்குத்தான். உனக்கும் கோபிக்கும். மத்தவங்கல்லாம் அப்பறம்."

"நான் இன்னா திருடியா?"

"திருடியா இருந்தா பீரோவப் பூட்டினா போதுமே. நீ அழுதுகினு வருவ. உங்கண்ணன் தெறந்து குடுத்துருவாரு. அதுக்கு எங்க போயி பூட்டு வாங்கறது?"

ரேணுகா பையைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டினாள். இனி அவள் வரமாட்டாள் என்று ஜெகதாம்பாளுக்குத் தோன்றியது. ஆனாலும் கூப்பிடவில்லை.

ரேணுகா செருப்போடு நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"இத்த எடுத்துகினு ஊட்டுக்குப் போனா, பொழுது சாயறதுக்குள்ள வாசல்ல வேன் நிக்கும்."

"இன்னா வேனு?"

"பழைய வேனு. காடை வளத்து ஊர் ஊரா விக்கப் போறாராம் உங்க மாப்ள. அண்ணி நகைய மூட்டணும்னு சொன்னதாலதான் பேசாம வுட்டாரு." பை மறுபடி அண்ணியின் மடிக்கு வந்தது. "நீயே வெச்சிக்க."

"கோபியாண்ட மூட்டாச்சுன்னு சொல்லுவியா?"

"மூட்டாச்சுன்னா அந்த நகைய அவரே வந்து கேப்பாரு. வட்டிக்கே சரியாப்பூட்ச்சு, அசலு அப்டியே கீதுன்னு சொல்றேன்."

இதை ஜெகதாம்பாள்கூட யோசித்திருக்கவில்லை. எழுந்துபோய் நாத்தனாருக்குக் காப்பி போட்டாள். சர்க்கரை கொஞ்சம் தாராளமாகவே விழுந்தது.

"நான் மனை வாங்கற அன்னிக்கி இன்னா சொல்லுவ?"

"ஒரு வாரம் மின்னாடி சொல்லு. வேற எதனா யோசிக்கிறேன்."

மறுநாள் இருவருமாகப் போய் ரேணுகா பெயரில் அறுபதாயிரத்தை டெபாசிட் போட்டார்கள். ரசீது ஜெகதாம்பாள் வீட்டில் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. மனை வாங்கி முடிக்கும்வரை ஆனந்தன் பூந்தமல்லிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்பதையும் திரும்பும் வழியில் அவர்களே தீர்மானித்தார்கள். அவனை யாரும் கேட்கவில்லை.