எதிர்மலையிலிருந்து தெரிந்த மஞ்சள்

என் கடைசி மகள் கம்ப்யூட்டரில் படம் போடுகிறவள். பூவோ மனிதரோ இல்லை, கணக்கைப் படமாக்குகிறாள். போன மாதம் குன்னூர் வீட்டுக்கு வந்தபோது, எந்தெந்த ஊரில் ஊற்று வற்றுகிறது என்று மலை முழுக்கப் புள்ளி வைத்துக் காட்டினாள். என் படிப்பு கையெழுத்தோடு சரி. ஆனாலும் பார்த்ததும் விளங்கிவிட்டது.

"இதையெல்லாம் எப்புடிடி கண்டுபுடிக்கிற?"

"தள்ளி நின்னு பாக்கணும்மா. கிட்ட இருக்கறவங்களுக்கு அவங்கவங்க வாசல்தான் தெரியும்."

எனக்கு என் அத்தை ஞாபகம் வந்தது.

நான் சிறு பிள்ளையாக இருந்தபோது நாங்கள் நடுவட்டத்துப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருந்தோம். மலைச்சரிவில் மேலே ஒரு வரிசை வீடுகள், கீழே ஒரு வரிசை. மேல் லயம், கீழ் லயம் என்போம். ஓடைத் தண்ணீர் வந்து விழும் குழாய்க்குப் பீலி என்று பேர். ஒரு மழைக்காலம் பல வீடுகளில் வயிற்றுப்போக்கு. ஆத்தாள் கோபம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். வாசலில் வேப்பிலை கட்ட அந்தக் குளிரில் வேம்பு ஏது? நோய் கண்ட வீட்டில் மஞ்சளில் நனைத்த துணியைக் கட்டினார்கள். கீழ் லயத்தில் எங்கள் வாசலிலும் ஒன்று தொங்கியது. உள்ளே தம்பி கண் செருகிக் கிடந்தான். கஞ்சித் தண்ணீர்கூட அவன் வயிற்றில் தங்கவில்லை.

எதிர்மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அத்தைக்கு நான்தான் தேத்தண்ணி கொண்டுபோனேன்.

"வாங்க மகாராணி, ஆற வச்சே கொண்டாந்தீங்களா?" என்றாள்.

அந்நேரம் மேகம் விலகியது. அப்பாடி, என்ன அழகு!

"அத்தே, அங்க பாருங்க! கீழ் லயத்துக்கு மட்டும் செவ்வந்தி மாலை போட்ட மாதிரி இருக்கு!"

அத்தை கூடையை இறக்கிவிட்டு அசையாமல் பார்த்தாள். மேல் லயத்தில் மஞ்சளே இல்லை.

"அவங்களுக்குத் தண்ணி வேற பீலியிலல்ல வருது..." என்று தனக்குத்தானே சொன்னாள். பிறகு ஓடினாள்.

"அரை நாள் பேர்தான் போடுவேன், பாதிக் கூலிதான்!" என்று கங்காணி கத்தினார்.

"கால் பேரே போடுங்க!"

கீழே போனதும், தலையில் போட்டிருந்த சாக்கைச் சுருட்டி, எங்கள் தண்ணீர் விழும் பீலியின் வாயில் திணித்துவிட்டாள். குடத்தோடு நின்ற பெண்கள் கொதித்தார்கள்.

"ஆத்தா கோவத்துல இருக்கா, இவ தண்ணிய வேற அடைக்கிறா!"

"மேல் பீலிக்குப் போங்கடி. காய்ச்சிக் குடிங்க. பொறவு என்னைய வையுங்க."

ஆண்கள் ஏறிப் போய்ப் பார்த்தபோது, பீலிக்கு வரும் ஓடையில் காட்டுமாட்டுக் கன்று ஒன்று செத்து ஊறிக் கிடந்ததாம். வேறு தண்ணீர் இறங்கியபின் தம்பி மெல்ல மெல்லக் கண் திறந்தான். இன்று அவன் பேரன் எடுத்தவன்.

அன்று எனக்கு இதொன்றும் தெரியாது. அவ்வளவு அழகைக் காட்டியும், நல்லாயிருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லாமல் ஓடிவிட்டாளே என்று ஒரே கோபம். தேத்தண்ணியை நானே குடித்தேன். கீழே வந்து, தம்பியை மடியில் கிடத்தியிருந்த அம்மாவிடம் கோள் சொன்னேன்:

"அத்தைக்குச் செவ்வந்தியே புடிக்காதும்மா."