பேரப்பிள்ளைக்குக் கிழித்த வேட்டி

எங்கள் பக்கத்தில், பிறந்த பிள்ளையை முதலில் புதுத் துணியில் கிடத்த மாட்டோம். வீட்டுப் பெரியவர் ஒருவர் கட்டிக் கட்டி நைந்த துணியில்தான் ஏந்துவோம். யார் துணியோ அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள்.

மருமகளைத் தலைப்பிரசவத்துக்குப் பெரியகுளத்தில் இருக்கும் தாய்வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அவளுடைய அம்மா, அதாவது என் சம்பந்தியம்மா, டீச்சர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைக்கென்று போனிலேயே தட்டி ஒரு பெட்டி வரவழைத்திருந்தார். கைக்கு உறை, காலுக்கு உறை, காது வைத்த குல்லா, எல்லாவற்றிலும் கரடி. வைகாசி வெயிலில் பிறக்கிற பிள்ளைக்கு அதையெல்லாம் மாட்டினால் இட்லி மாதிரி அவிந்துதான் போகும். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் மட்டும் சொன்னேன். தெருவுக்கே சொன்ன மாதிரிதான்.

நான் கடைப் பெட்டியை நம்புகிறவள் இல்லை. என் வீட்டுக்காரரின் எட்டு முழ வேட்டிகளில் பஞ்சாய் மெத்தென்று ஆகிப் போன ஒன்றை எடுத்து வெந்நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, கிழித்தேன். குளித்துவிட்டு வந்தவர் துண்டோடு நின்று பார்த்தார்.

"அது ஒண்ணுதான் இடுப்புல ஒழுங்கா நிக்கும்" என்றார்.

பேரப்பிள்ளைக்கு இன்னும் நன்றாக நிற்கும் என்றேன்.

ஏந்துகிற துணியை மட்டும் இரட்டை மடிப்பாகப் போட்டு, முடிச்சு பிள்ளை மேல் உரசாதபடி ஓரத்தைக் கையாலேயே தைத்தேன். மீதியில் இடுப்புத் துணிகள். இலவம் பஞ்சில் கொட்டை பொறுக்கி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தலையணை. எங்கள் தெருத் தையல்கடைக்காரர் மெஷினில் ஓட்டித் தருகிறேன் என்றார். மெஷின் தையல் குத்தும் என்று மறுத்துவிட்டேன். எனக்குக் கண் மங்கல் என்பதால் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தது மட்டும் அவர். அந்த வேலைக்கு மூன்று காப்பி குடித்தார்.

கட்டி அனுப்பிய மறுநாள் பெரியகுளத்திலிருந்து போன். மருமகள்தான் பேசினாள். துணி பூ மாதிரி இருக்கிறது என்றாள். அப்புறம் தயங்கித் தயங்கி, "மாமா வேட்டியா அத்தே?" என்றாள்.

போனைச் சம்பந்தியம்மா வாங்கிக்கொண்டார்.

"மதினி, தப்பா எடுத்துக்கிறாதீக. உங்க திராட்சைப் பந்தல் மேல கல்மழை பேஞ்சாலும் அண்ணன் உக்காந்த இடத்த விட்டு எந்திரிக்க மாட்டாகன்னு நீங்கதானே வளைகாப்புப் பந்தியில சொன்னீக? என்னப் பெத்த அய்யா வேட்டி ஒண்ணு பத்திரமா இருக்கு. நாலு மணிக்கு எந்திரிக்கிற மனுசன். முதல்ல அதப் போட்டுட்டு, உங்க துணிய ரெண்டாவதா போட்டுக்கிருவோம்."

ரெண்டாவதா. நான் கண்ணைக் கசக்கித் தைத்தது ரெண்டாவதா.

கோபம் வந்தது. ஆனால் யார் மேல்? அந்தப் பந்தியில் சொன்னது நான். அதற்கு முன் நாற்பது வருடம் கிடைத்த ஆளிடமெல்லாம் சொன்னதும் நான். பொய் என்று மாற்றிப் பேசவும் வழியில்லை. ஒரு சொல் பொய் கிடையாது. என் துணி முதலில் ஏற வேண்டுமானால் அந்த மனிதரை நான் புகழ வேண்டும். அதில் எனக்குப் பழக்கம் இல்லை. எட்டிப் பார்த்தேன். வாசல் நாற்காலியில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். நன்றாகத் தூங்குகிறார் என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் வாயைத் திறந்தேன்.

"மதினி, சோம்பேறிதான். இல்லங்கல. ஆனா கல்யாணமாகி ஏழு வருசம் எனக்குப் பிள்ளை இல்ல. இவுகளுக்கு வேற பொண்ணு கட்டணும்னு எங்க மாமியா ஒத்தக் கால்ல நின்னாக. பொண்ணு பாக்கப் போகக் காரு வந்து வாசல்ல நிக்கிது. உள்ள மாமன் மச்சான் பூராம் ஏறி உக்காந்தாச்சு. இந்த மனுசன் எந்திரிக்கல. வெயில் தாழப் போவோம்னாக. வெயில் தாழ்ந்ததும் நாளைக்குன்னாக. அன்னைக்கு எந்திரிச்சிருந்தா இன்னைக்கு உங்களுக்குச் சம்பந்தி நானில்ல."

சொல்லிவிட்டு மறுபடியும் வாசலை எட்டிப் பார்த்தேன். தூக்கம் கலையவில்லை.

"அப்ப அந்த வேட்டியவே முதல்ல போடுவோம் மதினி" என்றார் சம்பந்தியம்மா. "யாரு இழுத்தாலும் அசையாத குணம் பிள்ளைக்கு வேணும்தான். உங்க சேல எதையும் மட்டும் அனுப்பிறாதீக. அந்த வாயி வேற வந்து சேந்துட்டா நாங்க தாங்க மாட்டோம்."

டீச்சர் டீச்சர்தான். இதற்குச் சரியான பதில் எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் அகப்பட்டது. அதற்குள் மருமகளுக்கு வலி கண்டு, பேத்தி பிறந்துவிட்டாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த வேட்டித் துணிக்குள் சுருண்டு கிடந்தாள். இவர் குனிந்து ஓரத் தையலைத் தடவிப் பார்த்தார். பிறகு என் காதருகே வந்து, "என் வேட்டியத்தான் முதல்ல போட்டாகளாம்ல. எதுக்காம்?" என்று கேட்டார்.

"பழைய துணி வேற யாருகிட்டயும் இல்லையாம்" என்றேன்.

அதற்கே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வராந்தாவில் இங்கும் அங்கும் நடந்தார். உண்மையைச் சொல்லியிருந்தால் ஆளைப் பிடிக்க முடியாது.